முதல் கப்பல் பயணம், ஆறு பேர் குடும்பம்: செலவும் அலைச்சலும் குறைய

கேள்வி இது: "தஞ்சாவூரில் இருக்கிறோம். நான், மனைவி, 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள், எழுபதை நெருங்கும் அப்பா, அம்மா. அடுத்த கோடை விடுமுறையில் சிங்கப்பூர் போய் அங்கிருந்து குரூஸ் கப்பலில் மூன்று நாள் போய்வர ஆசை. மூன்று ஏஜென்ட்டுகளிடம் கேட்டேன், மூன்று விலை சொல்கிறார்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். அம்மாவுக்கு முழங்கால் வலி, வீட்டில் எல்லோரும் சைவம். கடன் வாங்காமல், அலைச்சல் இல்லாமல் போய்வர முடியுமா?"

முடியும். நான் என் பெற்றோரோடு ஒரு முறையும், மாமனார் மாமியாரோடு ஒரு முறையும், பிள்ளைகளோடு சில முறையும் இதே சிங்கப்பூர் வழியில் போயிருக்கிறேன். வயதானவர்களோடு போக இதைவிடச் சுகமான பயணம் எனக்குத் தெரியவில்லை. பெட்டியை ஒரு முறை திறந்து வைத்தால் போதும். சாப்பாடு, தூக்கம், நீச்சல்குளம், பாட்டுக் கச்சேரி எல்லாம் ஒரே லிஃப்ட்டில். ஊர்தான் நம்மைத் தேடி வருகிறது. ஆனால் இந்தச் சுகம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் நீங்கள் கப்பல் ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிடும். அதனால் முன் ஏற்பாட்டைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் அந்த மூன்று விலை. யாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மூவரும் மூன்று வேறு பொருளுக்கு விலை சொல்லியிருப்பார்கள். குரூஸ் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகை, ஒரு கேபினில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் வாடகை மட்டும். துறைமுகக் கட்டணமும் வரியும் அதற்கு மேல். கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ் அதற்கும் மேல். இந்த டிப்ஸ் நாம் விரும்பிக் கொடுப்பது இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்து, நம் கணக்கில் தானாகவே ஏற்றிவிடுவார்கள். பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் சாதாரண அறைக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை போகும். கைக்குழந்தை தவிரப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இது உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை, யாருடைய விலைப்பட்டியலும் இல்லை. மூன்று இரவு, ஒரு கேபினில் மூன்று பேர். முதல் இருவருக்குத் தலா 350 சிங்கப்பூர் டாலர், மூன்றாம் ஆளுக்கு 150. ஆக வாடகை 850. துறைமுகக் கட்டணம் ஆளுக்கு 100 என்றால் 300. டிப்ஸ் இரவுக்கு 20 என்றால் மூன்று பேருக்கு மூன்று இரவுக்கு 180. மொத்தம் 1,330. இரண்டு கேபினுக்கு 2,660. விளம்பரத்தில் பார்த்த 350ஐ ஆறால் பெருக்கி 2,100 என்று மனதில் வைத்திருந்தால், கப்பல் ஏறும் முன்பே 560 டாலர் துண்டு விழுகிறது.

அதனால் ஒவ்வொரு ஏஜென்ட்டிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "வாடகை, துறைமுகக் கட்டணம், டிப்ஸ், ஜிஎஸ்டி, உங்கள் சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆறு பேருக்கு மொத்தம் எவ்வளவு? எழுத்தில் அனுப்புங்கள்." வந்த தொகையை ஆறாலும் இரவுகளின் எண்ணிக்கையாலும் வகுத்தால் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு எவ்வளவு என்று வரும். அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டு மடங்கு வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். மீதி இருப்பது கேபின் வகையாலோ புறப்படும் கிழமையாலோ வந்த வித்தியாசமாக இருக்கும்.

ஏஜென்ட் மூலம் வெளிநாட்டுப் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று, வருமான வரிக்கு முன்பணம் மாதிரி, ஒரு தொகையும் பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், வரி இல்லையென்றால் திரும்பப் பெறலாம். யார் பெயரில் பணம் கட்டுகிறீர்கள் என்பதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். கணக்குத் தாக்கல் செய்யாத அப்பாவின் பெயரில் கட்டினால் அந்தப் பணம் வீணாகத் தூங்கும்.

வாடகை இவ்வளவு குறைவாக எப்படிக் கட்டுப்படியாகிறது என்று தோன்றலாம். கப்பல் நிறைந்து போனாலும் பாதி காலியாகப் போனாலும் எரிபொருளும் சம்பளமும் பெரிதாக மாறாது. அதனால் எப்படியாவது அறைகளை நிரப்பப் பார்ப்பார்கள். உள்ளே வந்தவர்களிடம் மது, காசினோ, ஸ்பா, இணையம், புகைப்படம், கரைச் சுற்றுலா என்று சம்பாதிப்பார்கள். பெரிய குரூஸ் கம்பெனிகளின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி வருவதுதான். மது குடிக்காத, சூதாடாத, சைவக் குடும்பத்துக்கு இந்த ஏற்பாடு நல்ல லாபம். நீங்கள் வாடகை கட்டி மூன்று நாளும் உள்ளே இருக்கும் இலவசங்களை முழுதாக அனுபவித்துவிட்டு இறங்கிவிடலாம்.

எப்போது போவது

செலவைக் குறைப்பதில் இதற்கு ஈடு எதுவும் இல்லை, நமக்கு இதில் இயற்கையாகவே ஒரு வசதியும் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களின் விலை அங்குள்ள பள்ளி விடுமுறையை ஒட்டி ஏறி இறங்கும். அவர்களுக்கு மார்ச் நடுவில் ஒரு வாரம், ஜூன் முழுக்கக் கிட்டத்தட்ட நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் கடைசி வரை நீண்ட விடுமுறை. நமக்கோ ஏப்ரல் பின்பாதியும் மே மாதமும். அப்போது சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். மே தினம், விசாக தினம் போன்ற பொது விடுமுறையை ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். "அரைப் பரீட்சை லீவில் போவோமே" என்று டிசம்பருக்குத் தள்ளிப்போட்டால் அதே அறைக்குக் கணிசமாகக் கூடுதல் கொடுக்க வேண்டியிருக்கும், கூட்டமும் நெரியும்.

கிழமையும் முக்கியம். வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்பும் பயணம் சிங்கப்பூர்க்காரர்கள் அலுவலக விடுப்பு எடுக்காமல் போவதற்கென்றே வைத்தது. ஞாயிறு அல்லது திங்கள் கிளம்பி வார நடுவில் திரும்புவதைப் பிடியுங்கள்.

மே மாதத்தில் நம் பக்கத்திலிருந்து போகும் விமானக் கட்டணம் ஏறும், அது உண்மை. அதனால் கப்பலையும் விமானத்தையும் நான்கைந்து மாதம் முன்பே பதிவு செய்வது நல்லது. கடைசி நேரத்தில் கப்பல் வாடகை சரியும் என்று சொல்வார்கள். அது சிங்கப்பூரில் வீடு வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும். விசாவும் விமான டிக்கெட்டும் எடுக்க வேண்டிய ஆறு பேர் குடும்பம் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

எந்த வழி

சிங்கப்பூரிலிருந்து குறுகிய பயணங்கள் பெரும்பாலும் மூன்று ஊர்களைத் தொடும்: மலேசியாவின் போர்ட் கிளாங், பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட். உங்கள் குடும்பத்துக்கு நான் பினாங்கைத்தான் சொல்வேன்.

காரணம் அம்மாவின் முழங்கால். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நேராக அணையும். பாலம் வழியாக நடந்து இறங்கலாம், சக்கர நாற்காலியிலும் இறங்கலாம். வெளியே வந்தால் ஊர். யுனெஸ்கோ 2008இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்த பழைய நகரம் அது. சிறிது தூரத்தில் லிட்டில் இந்தியா. அங்கே 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில், பூக்கடை, தமிழ் பேசும் மளிகைக்கடை, வாழை இலைச் சாப்பாடு. என் அம்மா அங்கே ஒரு கடையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கடைக்கார அம்மாவோடு ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பயணத்தில் அதுதான் மறக்காத பொழுது. கப்பல்காரர்கள் விற்கும் கரைச் சுற்றுலா எதுவும் பினாங்கில் தேவையில்லை. ஆறு பேருக்கு அதுவே பெரிய மிச்சம்.

புக்கெட்டில் பல கப்பல்கள் பட்டோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து சின்னப் படகில் மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். அலையில் படகு ஏறி இறங்கும்போது காலை எடுத்து வைக்க வேண்டும். என் மாமியாருக்கும் முழங்கால் பிரச்சினைதான். படகு வாசல் வரை வந்து, பயந்து, திரும்பிப் போய் நாள் முழுக்கக் கப்பலிலேயே உட்கார்ந்திருந்தார். அவரை விட்டுவிட்டு நாங்கள் போனதை நினைத்தால் இன்றும் வருத்தம். பதிவு செய்யும்போது "கப்பல் துறையில் அணையுமா, படகில் மாற வேண்டுமா" என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். மேலும் மே மாதம் தொடங்கினால் புக்கெட்டின் மேற்குக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்று அலையைக் கிளப்பும். சில நாள் படகே விடமாட்டார்கள். மலாக்கா நீரிணை அப்படி இல்லை. ஒரு பக்கம் சுமத்திரா, மறுபக்கம் மலேயாத் தீபகற்பம். இரண்டுக்கும் நடுவில் கடல் பெரும்பாலும் ஏரி மாதிரி இருக்கும். முதல் பயணத்துக்கு அதுதான் ஏற்றது.

போர்ட் கிளாங் துறையிலிருந்து கோலாலம்பூர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்துமலை முருகனைப் பார்க்க ஆசை இருந்தால் வேன் பிடித்துப் போய்வரலாம், ஆனால் நெரிசலில் மாட்டினால் வயிற்றைக் கலக்கும். நீங்களாக ஏற்பாடு செய்துகொண்டு போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கப்பல்காரர்களின் சொந்தச் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால்தான் காத்திருப்பார்கள். எந்த ஊரில் இறங்கினாலும் கப்பல் கடிகாரப்படி கிளம்பும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கரையில் கைப்பேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கப்பல் மாற்றாமல் இருக்கலாம். கப்பலை விட்டவர்களில் பலர் இந்த ஒரு மணி நேரத்தில் ஏமாந்தவர்கள். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

"சென்னையிலிருந்தே கப்பல் இருக்கிறதே" என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. அரபிக் கடல் கொந்தளிக்கும் பருவத்தில்தான் அது கிழக்குக் கரைப் பக்கம் வரும். உங்கள் ஏப்ரல், மே மாதத்தில் அது பெரும்பாலும் மும்பைப் பக்கம் இருக்கும். 1990இல் கட்டிய, அளவில் சிறிய கப்பல், அறைகளும் சிறியவை. விமானச் செலவு இல்லை என்பது பெரிய வசதி. தேதி ஒத்துவந்தால் ஒரு ஆளுக்கு ஒரு இரவு என்ற அதே கணக்கைப் போட்டு இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உள்நாட்டுப் பயணத்துக்குப் பாஸ்போர்ட்டும் தேவைப்படாது.

எந்த அறை

ஆறு பேருக்கு ஏஜென்ட்டுகள் வழக்கமாகச் சொல்வது நால்வர் அறை ஒன்று, இருவர் அறை ஒன்று. அதை மூன்று மூன்றாகக் கேளுங்கள். எந்த அறையிலும் முதல் இருவர்தான் முழுக் கட்டணம், மூன்றாவது நான்காவது ஆளுக்குக் குறைவு. நாலும் இரண்டுமாகப் பிரித்தாலும் மூன்றும் மூன்றுமாகப் பிரித்தாலும் நான்கு முழுக் கட்டணம், இரண்டு குறைந்த கட்டணம்தான் வரும். செலவு ஒன்றே. ஆனால் ஒரு குளியலறைக்கு நான்கு பேர் காத்திருப்பது தவிரும். பெரிய பிள்ளை தாத்தா பாட்டியோடு படுத்துக்கொண்டால் ராத்திரி ஏதாவது தேவையென்றால் எழுப்பி உங்களைக் கூப்பிட ஆள் இருக்கும்.

இன்னொரு யோசனை, நாங்கள் செய்து நன்றாக வந்தது. பெற்றோருக்குப் பால்கனி அறை, அதற்கு நேரெதிரே உங்களுக்கு ஜன்னல் இல்லாத உள்ளறை. இரண்டு பால்கனி எடுப்பதைவிட நிறைய மிச்சம். காலையில் எல்லோரும் அப்பா அம்மா அறைப் பால்கனியில் கூடிக் கடலைப் பார்க்கலாம். உள்ளறையில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, பிள்ளைகள் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார்கள். அப்பாவுக்கு மூடிய அறை என்றால் மூச்சு முட்டும் என்றால் மட்டும் இந்தச் செலவு அவசியம். இல்லையென்றால் இரண்டும் உள்ளறையாகவே எடுங்கள், தூங்கத்தானே போகிறோம்.

அறை எண்ணை நாமே தேர்ந்தெடுக்காமல் கம்பெனி கொடுப்பதை ஏற்றுக்கொண்டால் விலை குறையும். உங்களுக்கு அது வேண்டாம். இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் கூடக் கொடுங்கள். கப்பலின் நீளத்தில் நடுவில், கீழ்ப்புறத் தளத்தில், லிஃப்ட்டுக்கு அருகில், மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும்படி பார்த்து எடுங்கள். ஆட்டம் அங்கே மிகக் குறைவு. நடன அரங்குக்கு அடியிலோ நீச்சல்குளத்துக்கு அடியிலோ போய் மாட்டினால் தூக்கம் கெடும். இந்தக் கப்பல்களின் நீளம் 300 மீட்டருக்கு மேலே இருக்கும். முன்கோடியில் அறை வாங்கிச் சாப்பாட்டு அறை பின்கோடியில் இருந்தால் அம்மா ஒவ்வொரு வேளையும் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்பதையும் பதிவின்போதே எழுதிக் கொடுங்கள். துறைமுகத்தில் நீண்ட வரிசை, நீண்ட நடை. அங்கே அது பெரிய உபகாரம்.

காகிதங்கள்

அலைச்சல் என்று மக்கள் சொல்வதில் முக்கால்வாசி இங்கேதான் பிறக்கிறது.

பாஸ்போர்ட் ஆறு பேருக்கும் பயணத் தேதிக்குப் பிறகு ஆறு மாதமாவது செல்ல வேண்டும். அடுத்தது பெயர். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். விமானம், கப்பல், விசா மூன்றிலும் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஆதாரில் இருக்கும் இனிஷியலைப் பார்த்து ஏஜென்ட் டைப் செய்துவிடுவார். பணம் கட்டும் முன் பாஸ்போர்ட் நகலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயரையும் நீங்களே படித்துப் பாருங்கள்.

சிங்கப்பூர் விசா அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட்டுகள் மூலம் எடுக்க வேண்டும். அரசாங்கக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், அதற்கு மேல் ஏஜென்ட்டின் கூலி. நீங்கள் விமானத்தில் வந்து ஒரு முறை சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள், கப்பலில் போய்த் திரும்பும்போது இரண்டாம் முறை நுழைகிறீர்கள். அதனால் விசா பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். கைக்கு வந்ததும் அந்த வரியைப் பாருங்கள். மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் போகலாம் என்று வைத்திருக்கிறார்கள். இது காலவரையறையோடு வரும் சலுகை, அதனால் பதிவு செய்யும்போது ஒரு முறை, கிளம்பும் முன் ஒரு முறை சரிபாருங்கள்.

சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம்தான். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசாங்கத்தின் தளம் இல்லை. வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். கப்பலில் திரும்பி வருவதும் ஒரு வருகை என்பதால் அதற்கும் தனியாக நிரப்புங்கள். பினாங்கில் இறங்கிக் காபி குடிக்கும்போது கடை வைஃபையில் ஆறு பேருக்கும் முடித்துவிடலாம்.

கப்பல் கம்பெனியின் செயலியில் முன்கூட்டியே செக்-இன் செய்து, துறைமுகத்துக்கு வரும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். திறந்த அன்றே செய்தால் முன்நேரம் கிடைக்கும். மதியத்துக்கு முன் ஏறிவிட்டால் அன்றைய மதியச் சாப்பாடு கப்பலில், அதுவும் வாடகையில் அடக்கம். சைவம் என்பதைப் பதிவின்போதும் செயலியிலும் இரண்டு இடத்திலும் குறித்துவிடுங்கள். சிங்கப்பூர்க் கப்பல்களில் இந்தியப் பயணிகள் ஏராளம், சோறு, பருப்பு, சப்பாத்தி, தயிர் எல்லாம் பஃபேயில் கிடைக்கும். வெங்காயம் பூண்டு இல்லாத உணவு வேண்டுமென்றால் முன்கூட்டிச் சொன்னால்தான் நடக்கும்.

பயணக் காப்பீட்டை எழுபதை நெருங்கும் இருவருக்கும் கட்டாயம் எடுங்கள், அதில் கப்பல் பயணமும், அவசரம் என்றால் நோயாளியைக் கப்பலிலிருந்து கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவும் அடங்க வேண்டும். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் கட்டணம் நம் ஊர்க் கணக்கில் வராது.

போவதும் ஏறுவதும்

திருச்சியிலிருந்தே சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன, ஏறக்குறைய நான்கு மணி நேரம். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குப் போய்ப் பறக்க வேண்டியதில்லை. குறைந்த விலை விமானத்தில் பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு, அதையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

கப்பல் கிளம்பும் அன்று காலையில் போய் இறங்குவது போல டிக்கெட் போட வேண்டாம். ஒரு நாள் முன்பே போங்கள். விமானம் ஐந்து மணி நேரம் தாமதமானால் விமானக் கம்பெனி அடுத்த விமானம் கொடுக்கும், கப்பல் போனது போனதுதான். முதல் நாள் லிட்டில் இந்தியா பக்கம் ஃபேரர் பார்க் வட்டாரத்தில் தங்குங்கள். சாப்பாட்டுக் கவலை இருக்காது, வீரமாகாளியம்மன் கோயிலும் பெருமாள் கோயிலும் கிட்டத்தில். மறுநாள் எந்தத் துறைமுகம் என்று டிக்கெட்டில் பாருங்கள், ஏனென்றால் சிங்கப்பூரில் இரண்டு இருக்கின்றன. பெரிய கப்பல்கள் அநேகமாக மரினா பே குரூஸ் சென்டரில் நிற்கும். இன்னொன்று விவோசிட்டி அங்காடி அருகே ஹார்பர்ஃபிரண்டில் இருப்பது. மரினா பேக்கு ரயிலில் போனால் தோபி காட் நிலையத்தில் சிவப்புத் தடத்துக்கு மாறி, கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்கிச் சிறிது நடக்க வேண்டும். செலவு சில டாலர்தான். ஆனால் அம்மாவையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு அந்த நடை வேண்டாம், அன்றைக்கு மட்டும் பெரிய டாக்ஸி பிடியுங்கள்.

பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொண்டு அறைக்கு அனுப்பிவிடுவார்கள், வந்து சேரச் சாயங்காலம் கூட ஆகலாம். மருந்து, பாஸ்போர்ட், பிள்ளைகளின் நீச்சல் உடை, ஒரு மாற்றுத் துணி ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப்பெட்டி, மின் கெட்டில், மின்சார எக்ஸ்டென்ஷன் பெட்டி, ஊதுபத்தி, கத்தி எதுவும் கப்பலுக்குள் விடமாட்டார்கள். சமைத்த உணவும் அப்படித்தான். கடையில் வாங்கிய பிரிக்காத முறுக்கு பாக்கெட் பரவாயில்லை.

அம்மாவின் பையை ஒரு முறை நீங்களே பாருங்கள். கசகசா சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்டது, மசாலாப் பொடியோடு தெரியாமல் வந்துவிடும். புகையிலை கலந்த பாக்கு வகைகளும் கூடாது. அப்பா தூக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள், சிலவற்றுக்கு முன் அனுமதியே வேண்டும்.

கப்பலில்

ஏறியதும் கைப்பேசியை ஃப்ளைட் மோடுக்கு மாற்றிவிட்டு வைஃபையை மட்டும் திறந்துகொள்ளுங்கள். ஆறு பேரும். நான் முதல் பயணத்தில் இதைச் செய்யவில்லை. நடுக்கடலில் கப்பலின் சொந்தக் கைப்பேசி வலையமைப்பை என் போன் தானாகப் பிடித்துக்கொண்டது. யாருக்கும் பேசவில்லை, பின்னணியில் ஏதோ செயலிகள் ஓடியதற்கே பல ஆயிரம் ரூபாய் பில் வந்தது. சிம் கம்பெனியின் சாதாரண வெளிநாட்டு ரோமிங் பேக் கடலுக்குச் செல்லாது. கப்பலின் இணையம் வாங்குவதென்றால் ஒருவருக்கு மட்டும் வாங்குங்கள். கப்பல் செயலிக்கும் அதிலுள்ள நிகழ்ச்சி நிரலுக்கும் பெரும்பாலும் இணையக் கட்டணம் தேவையில்லை.

கப்பலில் ரொக்கம் புழங்காது. அறைச் சாவி அட்டைதான் பணம், கணக்கைக் கடைசியில் உங்கள் கார்டில் எடுப்பார்கள். டெபிட் கார்டு கொடுக்காதீர்கள், முன்பணமாக அவர்கள் பிடித்து வைக்கும் தொகை திரும்ப வரப் பல நாள் ஆகும். பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்ய முடியாதபடி வரவேற்பு மேசையில் சொல்லித் தடுத்துவிடுங்கள். விளையாட்டு இயந்திரங்கள் அந்த அட்டையைத் தேய்த்தால்தான் ஓடும். ஒவ்வொரு ராத்திரியும் கணக்கைச் செயலியில் பாருங்கள். தப்பு இருந்தால் மறுநாளே சொன்னால் சரி செய்வது எளிது.

பஃபேயும் பிரதான உணவு அறையும் வாடகையில் சேர்ந்தவை, அங்கே தண்ணீர், டீ, காபி இலவசம். அறைக் குளிர்பெட்டியில் இருக்கும் பாட்டிலும் கப்பலின் காபிக் கடையும் காசு. புகைப்படக்காரர்கள் எடுக்கும் படங்களுக்குச் சிரித்து நில்லுங்கள், வாங்கினால்தான் விலை. ஒரு குடும்பப் படம் மட்டும் வாங்கினோம், அதைச் செலவாக நான் நினைக்கவில்லை.

கிளம்பும் முன் அபாய ஒத்திகைக்குக் கூப்பிடுவார்கள். நீச்சல்குளத்தை விட்டு வரப் பிள்ளைகள் முரண்டு பிடிப்பார்கள். இழுத்துக்கொண்டு போங்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகளுக்கு ஒத்திகை அதுவரை நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கிளம்பும் முன்பே ஒத்திகை என்பது உறுதியானது. உங்கள் கூடுமிடம் எது, அம்மாவை எந்தப் படிக்கட்டு வழியாக அழைத்துப் போவது என்று அப்போதே ஒரு முறை நடந்து பாருங்கள், ஏனென்றால் அபாய நேரத்தில் லிஃப்ட் ஓடாது.

கடல் மயக்கத்துக்கு நம் குடும்ப மருத்துவரிடமே கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அவோமின் நம் வீடுகளில் பழகியதுதான், ஆனால் வயதானவர்களுக்குத் தள்ளாட்டம் வரலாம் என்பதால் அப்பா அம்மாவுக்குக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். மலாக்கா நீரிணையில் எங்கள் வீட்டில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. கொஞ்சம் இஞ்சி மிட்டாய் போதுமாக இருந்தது.

இறங்கும் நாள்

கடைசி இரவு பெட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், அவர்களே இறக்கிக் கீழே அடுக்கிவிடுவார்கள். காலைக்கு வேண்டிய துணியையும் பாஸ்போர்ட்டையும் மருந்தையும் மறந்து உள்ளே போட்டுவிடாதீர்கள். ஏழு மணிக்குக் கப்பல் அணைந்தாலும் ஆயிரக்கணக்கானோர் இறங்கி இமிகிரேஷன் சோதனையைத் தாண்டப் பத்து, பதினொன்று ஆகிவிடும். அதனால் திரும்பும் விமானம் சாயங்காலத்துக்குப் பிறகு இருக்கட்டும். இன்னொரு ராத்திரி ஹோட்டல் எடுக்க வேண்டியதில்லை. நேராகச் சாங்கி விமான நிலையம் போய்ப் பெட்டிகளை அங்குள்ள பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் ஜுவல் கட்டடத்தில் பொழுதைப் போக்கலாம். 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவியைக் குளிர்சாதனத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், அதற்கு டிக்கெட் இல்லை. அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும், பிள்ளைகளுக்கு ஓட இடம் கிடைக்கும்.

ஏஜென்ட்டுகளின் மூன்று மதிப்பீடும் எழுத்தில் வந்ததும் இங்கே போடுங்கள். எதில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.